முப்பத்துநாலு மூட்டை

பழைய தளத்தை உடைத்துவிட்டுப் புதுசு போட என்ன செலவாகும் என்று யார் கேட்டாலும் பத்து வயதில் நான் சொல்லிவிடுவேன். சிமெண்ட் இத்தனை மூட்டை, கம்பி இத்தனை கிலோ, உடைக்க இவ்வளவு கூலி, அள்ளிப்போட இவ்வளவு வண்டி வாடகை என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன். இதில் என் மூளைக்குப் பெரிய பங்கு இல்லை. எங்கள் வீட்டு மேல்தளம் அப்படிப்பட்டது.

திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில், உப்பங்கழியை ஒட்டிய காலனியில் எங்கள் வீடு. அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. உப்புக்காற்று வருஷக்கணக்கில் தளத்துக்குள் இருந்த கம்பியைத் தின்று, கம்பி ஊதி, காரை வெடித்து, அண்ணாந்து பார்த்தால் விலா எலும்பு தெரிகிற மாதிரி துருப்பிடித்த கம்பிகள் தெரியும். அப்பா சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. ராத்திரி வேலை, பகலில் தூக்கம். ஒரு நாள் பகலில் தண்ணீர் குடிக்க எழுந்து போனவர் திரும்பி வந்து பார்த்தால், தலையணையின் மேல் உரல் குழவி அளவுக்கு ஒரு காரைக்கட்டி கிடந்தது. அப்பா அதைக் கையில் எடுத்து எடை பார்த்தார். அன்றிலிருந்து அம்மா இரண்டு வயதுத் தம்பியைக் கட்டிலுக்கு மேலே படுக்கவைக்கவில்லை, கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுக்கவைத்தாள். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. நானும் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மழைக்காலத்துக்கு முன் தளத்தை மாற்றியாக வேண்டும் என்று அப்பா முடிவெடுத்தார். கம்பெனியில் வாங்கிய முன்பணமும் சீட்டுப் பணமுமாகக் கையில் எண்பதாயிரம் இருந்தது. விலை கேட்கிற படலம் தொடங்கியது. திருப்போரூர் மேஸ்திரி டேப்பைப் பிடித்து அளந்து, முப்பத்துநாலு மூட்டை சிமெண்ட், எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து இருபதாயிரம் என்றார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் அப்பா அவரைக் கொள்ளைக்காரன் என்றார். அடுத்து வந்தவர், தளமே வேண்டாம், நாற்பதாயிரத்தில் ஷீட்டு போட்டுக்கொள்ளுங்கள் என்றார். சமுத்திரக் காற்றில் ஷீட்டு மாமல்லபுரம் கோயில் பார்க்கப் போய்விடும் என்று அப்பா அவரையும் அனுப்பிவிட்டார். எல்லாக் கணக்கையும் ஒரு நோட்டில் எழுதுவது என் வேலை.

இந்த இடத்தில் மாமாவைச் சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்கு ஒரே அண்ணன். கோவளத்தில் சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்து, படகுகளுக்கு ஐஸ்கட்டி ஏற்றுகிறவர். எனக்கு முருகன் கோயிலில் காது குத்தியபோது அவர் மடியில்தான் உட்கார்ந்திருந்தேன். நான் அழுத அழுகையில் அவருக்கும் மனசு இளகிவிட்டதோ என்னவோ, பந்தியில் நாலு பேர் காதுபட, "என் தங்கச்சிய ஒழுவுற வூட்ல குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டார். அப்பா கையிலிருந்த சோற்றை இலையிலேயே உதறிவிட்டு எழுந்தார். அதற்கப்புறம் ஐந்து வருஷம் இரண்டு பேரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவும் பிறந்த வீட்டுப் பேச்சை எடுக்கவில்லை.

அதற்காக மாமா வராமல் இருக்கவில்லை. பொங்கலுக்குச் சீர் கொண்டுவருவார், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். அப்பா உள்ளே இருந்து, உன் மாமனைச் சாப்பிடச் சொல் என்று என்னிடம் சொல்வார். மாமா வாசலில் இருந்து, உன் அப்பா சாப்பிட்டாரா என்று கேள் என்பார். இரண்டு பேர் சொல்வதும் இரண்டு பேருக்கும் நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் நடந்துபோய்ச் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. மாமா தருகிற எதையும் அப்பா தொடமாட்டார். சீராக வந்த வெல்லம்கூட அவர் பொங்கலில் விழக்கூடாது.

இப்படி இருக்கையில் ஒரு நாள் கோவளத்திலிருந்து ஒரு மேஸ்திரி தானாகவே வந்து நின்றார். இந்தப் பக்கம் வேலை தேடி வந்தேன், தளம் மாற்றப் போவதாகக் கேள்விப்பட்டேன் என்றார். அண்ணாந்து பார்த்தார், டேப்பைக்கூட எடுக்கவில்லை. இருபது மூட்டை சிமெண்ட், உடைக்கிறது அள்ளுகிறது எல்லாம் என் பொறுப்பு, மொத்தமாக எண்பதாயிரம் கொடுங்கள் போதும் என்றார். அப்பா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நியாயமான மனுஷன் இன்னும் இருக்கத்தான் செய்கிறான் என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் தெருவில் இருந்தவர்கள் அவரை நிம்மதியாக இருக்க விடவில்லை. குறைத்துச் சொல்கிற மேஸ்திரி, தளம் பாதி போட்டபின் நிறுத்திவிட்டு இன்னும் இவ்வளவு கொடு என்று கேட்பான், அப்போது நீ கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. ஒரு பைசா தரமாட்டேன் என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்ததை நானே பார்த்தேன்.

பழையதை உடைத்து அள்ளியாயிற்று. புதுத் தளம் போடுகிற நாள் ஐப்பசி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை. முந்தின சாயங்காலமே சிமெண்ட் வந்து, பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் அடுக்கப்பட்டிருந்தது. கணக்குப்பிள்ளை சும்மா இருப்பாளா? விடிந்ததும் போய்த் தார்ப்பாயைத் தூக்கி எண்ண ஆரம்பித்தேன். அம்மா எங்கிருந்து பார்த்தாளோ, ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மூட்டைய எண்ணாத. எண்ணுனா கொறஞ்சிடும்."

அம்மா அப்படிச் சொல்வது புதிதல்ல. தட்டில் இட்லியை எண்ணினாலும், தூங்குகிற தம்பியின் பல்லை எண்ணினாலும் அதையேதான் சொல்வாள். ஆனால் அதற்குள் நான் எண்ணி முடித்திருந்தேன்.

ஒன்பது மணிக்கு மிக்சர் மெஷினுக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி வேலையைத் தொடங்கினார்கள். மேஸ்திரிக்கு வேட்டி துண்டு, ஆட்களுக்கு மத்தியானம் பிரியாணி, இது எழுதாத ஒப்பந்தம். வீட்டுக்குப் பின்னால் அம்மா அண்டாவோடு போராடிக்கொண்டிருந்தாள். மாமாவுக்கு முறைப்படி சொல்லி அனுப்பியிருந்ததால் வாழை இலைக்கட்டோடு வந்து ஓரமாக நின்றார். பெண்கள் வரிசையாக நின்று கலவைப் பாண்டுச் சட்டியைக் கை மாற்றிக் கை மாற்றி மேலே அனுப்பினார்கள். கிழக்கே கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்குள் முடிக்க வேண்டும் என்று மேஸ்திரி எல்லாரையும் விரட்டினார்.

பாதித் தளம் நிரம்பியபோது பதினேழு மூட்டை காலியாகியிருந்தது. அப்பா கீழே கிடந்த காலிச் சாக்குகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். இருபதில் பதினேழு போயிற்று, வேலை பாதிதான் ஆகியிருக்கிறது. தெருக்காரர்கள் சொன்ன நேரம் வந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கை விரல்களை நெட்டி முறித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. அவரைத் தேற்றுவதற்கு என்னிடம் ஒரு சேதி இருந்தது.

"இன்னாத்துக்குப்பா பயப்படற? முப்பத்தினாலு மூட்ட கீது. நான் எண்ணிட்டேன்."

அப்பா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார், நேரே மேஸ்திரியிடம் போனார். கூடுதல் மூட்டைக்கு என்னிடம் பணம் கேட்கக்கூடாது என்றார். மேஸ்திரி வேலை மும்முரத்தில், நீங்க ஒண்ணும் தர வேண்டாம், போய் நிழலில் நில்லுங்க என்றார். தரமாட்டேன் என்று சொல்ல ஒரு வாரமாகத் தயாராக இருந்த அப்பாவுக்கு, கேட்கவே மாட்டேன் என்று சொன்னவரை என்ன செய்வதென்று தெரியவில்லை. அங்கேயே நின்றார். பதினாலு மூட்டையை எந்த மேஸ்திரியும் தர்மத்துக்குப் போடமாட்டான். மேஸ்திரிக்கு ஊர் கோவளம். அப்பாவின் தலை மெதுவாகத் திரும்பியது. மாமா வாழை இலைக்கட்டைப் பிரிக்கத் தொடங்கினார், அதை ஏற்கெனவே ஒருமுறை பிரித்துக் கட்டியிருந்தார்.

அப்பா போய் மிக்சர் மெஷினை நிறுத்தினார்.

அந்தச் சத்தம் நின்றதும் காலனியே நின்ற மாதிரி ஆயிற்று. பெண்கள் பாண்டை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். மேஸ்திரி சாரத்திலிருந்து குதித்து ஓடிவந்தார். "அண்ணாத்த, பாதில நிறுத்துனா பழசும் புதுசும் ஒட்டாது. கோடு வுழுந்துடும். ஆயுசுக்கும் ஒழுவும்" என்றார். அப்பா தார்ப்பாயை விலக்கிச் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். கால் மணி நேரம் போயிற்று. அரை மணி ஆயிற்று. மேலே கலவையின் ஓரம் வெளுத்து இறுகிக்கொண்டு வருவதாக மேல் ஆள் குரல் கொடுத்தான். காற்றில் ஈரவாடை வந்தது. ஒன்றிரண்டு துளியும் விழுந்தது. நல்ல சேதி சொன்ன எனக்கு ஏன் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று நான் முழித்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. அப்பா அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அம்மா பிரியாணி அண்டாவை விட்டுவிட்டு வந்தாள். அப்பா பக்கமும் மாமா பக்கமும் திரும்பவில்லை. புடவையை இழுத்துச் செருகி, துணியைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, ஒரு காலிப் பாண்டை எடுத்துக்கொண்டு நின்றுபோன மெஷினுக்கு முன்னால் வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

அப்பா அதை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. பிறகு எழுந்து வாழை இலைக்கட்டின் பக்கம் போனார். என்னைக் கூப்பிடவில்லை. போய்ச் சொல்லு என்று சொல்லவில்லை.

"எவ்ளோ மச்சான்?"

ஐந்து வருஷத்துக்கு அப்புறம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். மாமா இலைக்கட்டைக் கீழே வைத்தார்.

"நாப்பது" என்றார்.

எண்பதும் நாற்பதும் ஒரு லட்சத்து இருபது. திருப்போரூர் கொள்ளைக்காரன் சொன்ன தொகை, பைசா பிசகவில்லை. அப்பா என்னிடம் நோட்டை எடுத்துவரச் சொன்னார். மாமா, பாப்பா அதையெல்லாம் எழுதாதே என்றார். "எழுதும்மா" என்றார் அப்பா. மாமா கடன் நாற்பதாயிரம் என்று எழுதினேன். நான் எழுதி முடித்ததைப் பார்த்தபிறகுதான் அவர் போய் மெஷினை ஓடவிட்டார். அன்று மழை பெரிதாக இறங்குவதற்குள் கடைசிப் பாண்டு மேலே போயிற்று. ஆறிப்போன பிரியாணியை அப்பாவும் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தண்ணீர்ச் சொம்பு என் வழியாகப் போகாமல் நேராகக் கை மாறியது.

மேஸ்திரி சொன்னபடியே தளத்தின் நடுவில் ஒரு கோடு விழுந்தது. பெருமழைக்கு இன்றைக்கும் அதில் சொட்டும். அடைத்துக்கொடுக்க எத்தனையோ பேர் வந்தார்கள், அப்பா பிடிகொடுக்கவில்லை. மழை பிடித்தால் கோவளத்துக்குப் போன் போட்டு, உன் கோடு ஒழுகுது மச்சான் என்பார். அப்புறம் அரை மணி நேரம் ஊர்க்கதை நடக்கும். அந்த நாற்பதாயிரத்தை மூன்று வருஷத்தில் அப்பா அடைத்தார். ஒவ்வொரு தடவையும் மாமா நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணி வாங்கிக்கொண்டார். சொந்தத் தங்கை வீட்டில் இப்படி எண்ணி வாங்குகிறாரே என்று எனக்கு அவர்மேல் ரொம்ப நாள் கோபம். எண்ணாமல் வாங்கியிருந்தால் அப்பா மறுபடி இலையிலிருந்து எழுந்திருப்பார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

நான் வேலைக்குப் போன பிறகுதான் மாமா ஒரு நாள் சொன்னார். திருப்போரூர் மேஸ்திரி விலை சொன்ன மறுவாரம், சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அம்மா பஸ் ஏறிக் கோவளம் வந்தாளாம். மேஸ்திரியை அனுப்பு, மிச்சத்தை நீ கொடு, அவருக்குத் தெரிய வேண்டாம் என்றாளாம். மொத்த யோசனையும் அவளுடையது.

இது எதுவும் தெரியாத காலத்தில், ஆறாம் வகுப்பில், மூடநம்பிக்கைகள் என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் சிமெண்ட் மூட்டையை எண்ணினால் குறையும் என்று என் தாயார் நம்புகிறார், நான் எண்ணினேன், ஒரு மூட்டையும் குறையவில்லை என்று எழுதினேன். டீச்சர் பத்துக்கு ஒன்பது போட்டார். ஓடிவந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கடைசிவரை கேட்டாள்.

"நல்லா எழுதிகீற. அப்பாகிட்ட மட்டும் படிச்சுக் காட்டாத" என்றாள்.

தன் அறியாமை வெளியே தெரிந்துவிடும் என்று அம்மா வெட்கப்படுவதாக நினைத்துக்கொண்டேன். பரவாயில்லை என்று பெருந்தன்மையாக நோட்டை மூடி வைத்தேன்.