இமையில் இருந்த திமிர்

எனக்குத் திமிர் என்று ஊர் முடிவுகட்டியது என் கல்யாணத்தன்று. எலவனாசூர்கோட்டையில் மணவறையில் உட்கார்ந்திருக்கிறேன். தாலி கட்டும் நேரம் வந்ததும் "தலையக் குனிம்மா" என்றார்கள். குனிந்தால் என் மடியைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. பிறந்ததிலிருந்தே என் இரண்டு மேல் இமைகளும் கருவிழியைப் பாதி மூடித் தொங்கும். எதிரே இருப்பவர் முகம் தெரிய வேண்டுமென்றால் தாடையைத் தூக்கியாக வேண்டும். கட்டுகிறவர் முகத்தையாவது பார்த்துவிடலாமே என்று தூக்கினேன். 'தாலி கட்டும்போதே தலை நிமிர்ந்தவ' என்ற பட்டம் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

நான் மறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். தூங்குமூஞ்சி திமிர் பிடித்தவளானால் அது பதவி உயர்வுதானே. கண்ணில் குறை என்று யாரும் இரக்கப்படுவதைவிட இது எவ்வளவோ தேவலை என்று இருந்துவிட்டேன்.

என்னை உறுத்தியது வேறொன்று. எங்கள் கரும்பு டிராக்டரை நான்தான் ஓட்டுவேன். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலை வாசல்வரை ஓட்டுவேன். அங்கே என் வீட்டுக்காரர், "எறங்கு, ரிவர்ஸ் நான் எடுக்கறேன்" என்பார். தாடையையும் தூக்கிக்கொண்டு கழுத்தையும் பின்னால் திருப்பினால் எனக்குப் பிடரி பிடித்துக்கொள்ளும். ஒருமுறை அப்படித்தான் பக்கத்து மாட்டு வண்டிச் சக்கரத்தை டிரெய்லரால் உரசிவிட்டேன். அதிலிருந்து, அத்தனை டிரைவர்களும் பார்க்க நான் இறங்கி ஓரமாக நிற்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் அந்த ஆலை யார்டில் என் கையால் ரிவர்ஸ் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். கண் டாக்டரிடம் போனது அதற்காக. அழகுக்காகப் போகிறாள் என்று நாத்தனார் சொன்னது கட்டுக்கதை.

கள்ளக்குறிச்சியில் பார்த்த டாக்டரம்மா என் புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு சின்ன ஸ்கேலைக் கண்ணருகே வைத்தார். "இப்ப கீழ பாருங்க. அப்படியே மேல பாருங்க." நான் வழக்கம்போலத் தாடையைத் தூக்கினேன். "அது கழுத்து செய்யற வேலை. எனக்கு இமை செய்யற வேலை வேணும்."

இமை ஆறு மில்லிமீட்டர் ஏறியது. இமையைத் தூக்கும் தசையில் பலமே இல்லையென்றால், தொடையிலிருந்து எடுத்த தசைநார்ப் பட்டையாலோ சிலிக்கான் கயிற்றாலோ இமையை நெற்றித் தசையோடு கோப்பார்களாம்; அப்புறம் புருவத்தால்தான் கண் திறக்க வேண்டும். கொஞ்சம் பலம் இருந்தால் அந்தத் தசையையே வெட்டிக் குறுக்கித் தைப்பார்கள். "உங்களுக்குக் கொஞ்சம் இருக்கு, குறுக்கிடலாம்" என்றார். கூடவே மூன்று விஷயங்களை ஒளிக்காமல் சொன்னார். தூங்கும்போது கண் லேசாகத் திறந்திருக்கும், சொட்டு மருந்து விட வேண்டும். உயரம் சரியாக அமையாவிட்டால் இன்னொரு முறை தைக்க நேரலாம். கீழே பார்க்கும்போது இமை முழுக்க இறங்காது.

கூட வந்திருந்த வீட்டுக்காரர் பயந்துவிட்டார். "இருக்கிற பார்வையும் பூட்ச்சின்னா இன்னா பண்றது?" என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கும் பயம்தான். ஆனால் ஆலை வாசலில் இறங்கி நிற்பதை நினைத்தால் பயம் சின்னதாகிவிட்டது.

ஆபரேஷன் அன்று ஊசி போட்டு இமையை மட்டும் மரக்கச் செய்திருந்தார்கள். எனக்கு முழு நினைவு இருந்தது. பாதித் தையலில் என்னை எழுப்பி உட்காரவைத்து, உயரம் பார்க்க வேண்டும், நேராகப் பாருங்கள் என்றார் டாக்டரம்மா. நான் நேராகத்தான் பார்த்தேன். அவர் முடிச்சை இறுக்காமல் நின்றார்.

"தாடை மேல இருக்கு. இப்படியே தச்சா அளவு தப்பாயிடும். தலையைக் குனிங்க. கல்யாணத்துல குனிஞ்சீங்க இல்ல, அந்த மாதிரி."

"அன்னிக்கே குனியலீங்களே, டாக்டர்."

நர்ஸ் சிரித்துவிட்டார். கடைசியில் டாக்டரம்மாவே என் தாடையைப் பிடித்து மெல்ல இறக்கினார். இறக்கியும் எதிர்ச்சுவர்க் கடிகாரம் முழுசாகத் தெரிந்தது. தலையைத் தூக்காமல் நான் பார்த்த முதல் கடிகாரம் அது. அழுதுவிடுவேன் போலிருந்தது, தையல் கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

வீக்கம் வடிந்து, டாக்டரம்மா சரி என்று சொன்ன பிறகுதான் சாவியை எடுத்தேன். அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஆலை வாசலில் இந்தமுறை வீட்டுக்காரர் தானே இறங்கிக்கொண்டார். நான் கழுத்தைத் திருப்பி, டிரெய்லர் சக்கரத்தைக் குனிந்து பார்த்தபடி மெதுவாகப் பின்னால் எடுத்தேன். டாக்டரம்மா சொன்னது போலவே கீழே பார்க்கையில் என் இமை இறங்கவில்லை. வெள்ளைவிழி பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டும். கீழே நின்ற பக்கத்து வண்டி டிரைவர் ஒதுங்கிக்கொண்டே, "இன்னாக்கா, நான் இன்னா பண்ணேன்? இப்டி முறைச்சிக்கினு இருக்கற?" என்றார்.

நான் வாய் திறப்பதற்கு முன்னால் வீட்டுக்காரர் பதில் சொன்னார்.

"அது முறைக்கலப்பா. பாக்குது."

டிரெய்லர் கொஞ்சம் கோணலாக நின்றிருந்தது. அவர் ஏறி வரவில்லை. நானே முன்னால் எடுத்து, மறுபடி ரிவர்ஸ் போட்டு, நேராக நிறுத்தினேன்.