பெலாச்சானுக்குப் பின் மூன்று நாள்

அல்போன்சம்மாளின் வேலையே தவறு கண்டுபிடிப்பதுதான். விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் ஒரு சமையற்கூடத்தில், சிறப்பு உணவுத் தட்டுகளை வண்டியில் ஏற்றுவதற்கு முன் கடைசியாகப் பார்ப்பவர் அவர். இந்து சைவம், ஜைன சைவம், ஹலால், உப்பில்லாதது என்று ஒவ்வொரு தட்டிலும் ஒரு வண்ணச் சீட்டு இருக்கும். சீட்டும் சாப்பாடும் ஒத்துப்போக வேண்டும். பத்தொன்பது வருடத்தில் ஒரு ஜைனருக்குக்கூட அவர் வெங்காயம் அனுப்பியதில்லை. இதை அவர் பெருமையடித்துக்கொள்வதில்லை. அடிக்கடி சொல்வார், அவ்வளவுதான்.

தெம்பனிஸ் அடுக்குமாடியில் அவருடைய வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் மட்டும் எதிலும் சீட்டு கிடையாது. “நாள் பூரா சீட்டு பார்த்துட்டு வந்து வீட்லயும் ஒட்டணுமா?” என்பார்.

பக்கத்து வீட்டு ஷங்கர் தைப்பூசத்துக்கு விரதம் இருந்தார். மகள் ரோஷினி குறைமாதத்தில் பிறந்து பிழைத்ததற்காக மூன்று வருடம் காவடி எடுப்பதாக நேர்ந்திருந்தார். இது மூன்றாவது வருடம். நாற்பத்தெட்டு நாளும் ஒரே மாதிரி சைவச் சாப்பாடு சாப்பிடுபவர் மேல் இரக்கப்பட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் அல்போன்சம்மாள் ஏதாவது ஒன்று செய்து கொடுப்பார். அந்த ஞாயிறு கொடுத்தது கங்கோங் கீரை வதக்கல். அதற்கென்றே பெலாச்சான் சேர்க்காமல் தனியாகச் சம்பால் என்ற மிளகாய் விழுது அரைத்து வைத்திருந்தார். கூனி இறாலைப் புளிக்கவைத்துச் செய்யும் பெலாச்சான் போட்ட, தனக்கான சம்பால் இன்னொரு போத்தலில் இருந்தது. இரண்டும் ஒரே நிறம், ஒரே போத்தல்.

ருசி பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் விரதக்காரருக்குச் சமைப்பதை முன்னால் ருசி பார்க்கக் கூடாது, எச்சில் ஆகிவிடும் என்று ஷங்கரின் மனைவி கண்மணி எப்போதோ சொல்லியிருந்தார். அந்த மரியாதையை ஒரு கத்தோலிக்கப் பெண்மணி அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்ததால்தான் விரதமே முறிந்தது.

புதன்கிழமை மற்றப் போத்தல் சம்பாலைப் போட்டுத் தனக்காக நாசி கோரெங் சோறு கிளறினார். வாயில் வைத்தால் சப்பென்று இருந்தது. இரண்டு போத்தலையும் திறந்து மோந்து பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வியாழன் தைப்பூசம். சொன்னால் ஷங்கர் காவடியை விட்டுவிடக்கூடும். மூன்று வருட நேர்த்திக்கடன் பாழ். சொல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. அல்போன்சம்மாள் நல்லவர் என்பதால் அவருக்கு உடனே ஒரு நல்ல காரணம் கிடைத்தது: பாவம், ஷங்கர் தம்பி மனசு கஷ்டப்படும். அந்த வார வியாழன், வெள்ளி இரண்டு நாளும் தாழ்வாரத்தில் ஷங்கரின் குரல் கேட்டால் கதவைத் திறக்காமல் இருந்தார்.

சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்டுக்குப் போனவர், பை நிறையக் காய்கறியோடு தேவாலயத்தில் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றார். உள்ளே நடந்ததை அவரே பிறகு எல்லாரிடமும் சொன்னார். வாயைத் திறக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு சாமியாருக்குத்தானே தவிரத் தனக்கில்லை என்பது அவர் கட்சி.

“ஃபாதர், ஒரு விரதக்காரருக்கு பெலாச்சான் குடுத்துட்டேன்.”

ஃபாதர் இயேசுதாசன் கொஞ்சம் யோசித்தார். “தெரிஞ்சு குடுத்தீங்களா?”

“ஐயோ, இல்ல ஃபாதர்.”

“அப்ப அது பாவம் இல்லம்மா. தவறு. வேற ஏதாச்சும் இருக்கா?”

“வேற எதுக்கு? இதுக்குத்தான் பஸ் புடிச்சு வந்தேன்.”

“பாவம்னா தெரிஞ்சிருக்கணும், மனசு சம்மதிக்கணும். ரெண்டும் இல்லாத ஒண்ணை நான் எப்படி மன்னிக்கிறது?”

“எங்க வேலையில அப்படி இல்ல ஃபாதர். தப்பான தட்டு போச்சுன்னா போச்சு. தெரியாம அனுப்பினேன்னா விட்டுடுவாங்களா? ரிப்போர்ட் எழுதுவாங்க.”

“கடவுள் ரிப்போர்ட் எழுதறதுக்கு முன்னால மனசைப் பார்ப்பார்மா.”

“போத்தல்ல சீட்டு ஒட்டாதது என் தப்புதானே?”

“அஜாக்கிரதை. அடுத்த தடவை ஒட்டுங்க.”

பாவம் செய்யவில்லை என்று ஒருவர் சொல்ல, செய்தேன் என்று ஒருவர் அடம்பிடிக்கும் வழக்கு அந்தக் கூண்டில் அபூர்வம். வெளியே வரிசையில் ஒருவர் இருமினார். பேச்சை முடிக்கத்தான் ஃபாதர் அடுத்ததைக் கேட்டிருக்க வேண்டும்.

“அவர்கிட்ட சொன்னப்ப என்ன சொன்னார்?”

அல்போன்சம்மாள் காய்கறிப் பையை மறுகைக்கு மாற்றினார்.

“சொல்லலையா? உங்களுக்கு எப்பம்மா தெரிஞ்சுது?”

“புதன்கிழமை.”

“இன்னிக்கு சனி.”

“அவர் மனசு கஷ்டப்படுமேன்னுதான்…”

“அவர் மனசா, உங்க பேரா?”

பத்தொன்பது வருடக் கணக்கு ஒரு கீரையில் கெட்டுப்போவதைப் பற்றி அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடம்கூட. “ரெண்டும்தான் ஃபாதர்,” என்றார். பிறகு, “பேருதான்.”

“ஆங், இப்ப பேசலாம். ஞாயிற்றுக்கிழமை நடந்தது தவறு. புதன்லேர்ந்து நடக்கிறது நீங்க தெரிஞ்சு செய்யறது.” ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லச் சொன்னார், நேராக வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடவும் சொன்னார். ஜெபம் அரை நிமிடத்தில் முடிந்தது.

அன்று மாலை ஷங்கரின் கிரில் கதவுக்கு வெளியே நின்றபடியே சொன்னார். உள்ளே வரச் சொல்லியும் போகவில்லை.

“தம்பி, அந்தக் கீரையில பெலாச்சான் கலந்துடுச்சு. போத்தல் மாறிடுச்சு.”

ஷங்கர் முகம் சுருங்கியது. கண்மணிதான் முதலில் பேசினார். “அதான் ரெண்டு தட்டு சாப்பிட்டாரு! நான்கூட என்னடா இதுன்னு பார்த்தேன்.”

“நீ சும்மா இரு லா,” என்றார் ஷங்கர். பிறகு, “உங்களுக்கு எப்ப தெரியும் ஆன்ட்டி?”

உலகத்தில் எல்லாரும் இதே கேள்வியைக் கேட்பார்கள் என்று அல்போன்சம்மாள் எதிர்பார்க்கவில்லை.

“புதன்கிழமை, தம்பி.”

“ஓ.” அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். “சரி ஆன்ட்டி, நான் குருக்கள்கிட்ட கேட்டுக்கிறேன்,” என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

ஞாயிறு வந்தது, இவர் எதுவும் சமைத்துக் கொடுக்கவில்லை, அவர்களும் எதிர்பார்க்கவில்லை. திங்கட்கிழமை கைபேசிக்குச் செய்தி வந்தது. தெரியாமல் சாப்பிட்டது குற்றமில்லை, தலைக்குக் குளித்துவிட்டு முருகனிடம் சொல்லிவிட்டுக் காவடி எடுக்கலாம் என்று குருக்கள் சொல்லிவிட்டாராம். வாழ்நாளில் சந்தித்தே இராத இரண்டு பேர், ஃபாதரும் குருக்களும், ஒரே தீர்ப்பை எழுதியிருந்தார்கள். கீழே இன்னொரு வரி: ‘கண்மணி பால்குடம் எடுக்கிறா. தண்ணி பாட்டில் தூக்க ஆள் இல்ல. வர்றீங்களா ஆன்ட்டி?’

மன்னிப்பா, வேலை வாங்குவதா என்று அந்த வரியிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. அல்போன்சம்மாள் லீவு போட்டார்.

வியாழக்கிழமை காலை சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை, கழுத்தில் சிலுவையும் இரண்டு கையிலும் தண்ணீர்ப் பையுமாக நடந்தார். வழியில் ஓர் அம்மா, “நீங்களும் வேண்டுதலா?” என்று கேட்டார்.

“இல்லங்க, நான் தண்ணி.”

பாதி வழியில் வரிசை நின்றது. காவடியின் கனத்தில் ஷங்கருக்கு மூச்சு வாங்கியது. அல்போன்சம்மாள் எட்டி அவர் வாயில் தண்ணீர் ஊற்றினார். குடித்துவிட்டு, முன்னால் பார்த்தபடியே அவர் சொன்னார்:

“புதன்கிழமையே சொல்லியிருக்கலாம்ல ஆன்ட்டி.”

போத்தல், ருசி, எச்சில், மனசு கஷ்டம் என்று சொல்ல நாலு காரணம் இருந்தது. வரிசை நகரத் தொடங்கியது.

“சொல்லியிருக்கணும், தம்பி,” என்று மட்டும் சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்திலேயே நடந்தார்.