அப்பா உருட்டிய இடி

பாண்டிக்குப் பஸ் ஏறிப் போய்க் கல்லூரியில் படிக்கக் கூடாது. ஆனால் ஊரே பார்க்க மேடை ஏறி நடிக்கலாம். 2006-இல் பிளஸ் டூ முடித்திருந்த எனக்கு அப்பா போட்ட சட்டம் அது. ஏன் என்று கேட்டால், “மேடையில நான் இருப்பேன். பஸ்ஸுல யாரு இருப்பா?” என்பார். 

அப்பாவுக்கு மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி வேலை. வருஷா வருஷம் வைகாசித் திருவிழாவுக்கு நாடகம் போடுவார். கதை, வசனம், டைரக்‌ஷன், கண்டிப்பான தகப்பன் வேஷம் எல்லாம் அவரே. வழக்கமாக மீசையை எடுத்துவிட்டு மகள் வேஷம் கட்டும் பக்கத்துத் தெரு அண்ணனுக்கு அந்த வருஷம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மீசையை எடுக்கவே மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். வேஷம் நிஜ மகளான என் தலையில் விழுந்தது.

ஒத்திகையில் அப்பா என் உயிரை வாங்கினார். மகள் வீட்டை விட்டுக் கிளம்பும் காட்சியில் நான், “நான் போறேம்பா, தடுக்காதீங்க” என்று சொல்ல வேண்டும். சொல்வேன். “கடைக்கு எண்ண வாங்கப் போற மாதிரி இருக்குது” என்பார். கத்திச் சொன்னால், “இது குழாயடிக் கோவம். அழுகைய அடக்குற கோவம் வேணும் எனக்கு” என்பார். சோறு போடும்போதும் துணி காயப்போடும்போதும், “எங்க, இப்ப சொல்லு.” எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிஜத்தில் கோபப்பட்டால் வாயை மூடு என்கிற மனிதர், நாடகத்தில் கோபம் போதவில்லை என்று குறைப்பட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அதே காட்சியில் இடி இடிக்க வேண்டும். தகரத்தை ஆட்டிப் பார்த்தார், திருப்தியில்லை. காலி டிரம்முக்குள் கருங்கல் போட்டு, மேடைக்குப் பின்னால் பலகை மேல் உருட்டவைத்தார். தூரத்தில் உறுமி, நெருங்கி, தலைக்கு மேல் வெடிக்கிற மாதிரி கேட்கும்வரை விடவில்லை.

விடியும் முன்னே உப்பளத்தில் இறங்குகிற ஜனம் என்பதால் எங்கள் ஊரில் நாடகம் விளக்கு வைத்ததுமே தொடங்கிவிடும். அன்றைக்கு நல்ல கூட்டம். எங்கள் காட்சி வந்தது. பல்பு அணைந்து அணைந்து எரிந்தது. டிரம் உருண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், வானம்கூட அப்படி இடித்ததில்லை.

“ஐயோ, உப்ப மூடலியே” என்று ஒரு அக்கா எழுந்தார். அவ்வளவுதான். வெயிலில் வாரி அம்பாரமாகக் குவித்த உப்பு, ஒரு மழை பெய்தால் போச்சு. கீற்றுப் போட்டு மூட மொத்தக் கூட்டமும் உப்பளத்தை நோக்கி ஓடியது. டிரம்மை உருட்டிய ஆளும் சேர்ந்து ஓடினார்.

மேடையில் நானும் அப்பாவும். திரைக்குப் பின்னால், வசனம் எடுத்துக் கொடுக்கிற சித்தப்பா. கீழே பாயும் செருப்பும்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பா, “நிறுத்தாத, வசனத்தச் சொல்லு” என்றார். ஆளே இல்லாத இடத்தில் வசனமாம். சிரிப்பு போய் ஆத்திரம் வந்தது.

“நான் பாண்டிக்குப் படிக்கப் போறேம்பா. தடுக்காதீங்க.”

அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா என்னையே பார்த்தார். “இதான். இந்தக் கோவத்ததான் இத்தன நாளா கேட்டுனு இருந்தேன்” என்றார். “எல்லாரும் திரும்பி வரட்டும். அப்படியே சொல்லணும்.”

“இதே வசனமா?”

“அதான் சொல்றேனே. ஒரு எழுத்து மாறக் கூடாது.”

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஜனங்கள் அப்பாவைத் திட்டிக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். இனி இடி கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்கள். காட்சி மறுபடி தொடங்கியது. நான் சொன்னேன். அதே வார்த்தை, அதே கோபம். 

இப்போது தகப்பன், “போ, இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத” என்று கர்ஜிக்க வேண்டும். அப்பா வாயே திறக்கவில்லை. சித்தப்பா திரைக்குப் பின்னாலிருந்து, “அண்ணே, ‘போ’ன்னு சொல்லுண்ணே” என்றார்.  சித்தப்பா இன்னும் சத்தமாகச் சொல்ல, முன்வரிசையில் சிரித்தார்கள்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முன்னால் மைக் இருப்பதையும் மறந்து, என்னிடம் மட்டும் சொல்கிற குரலில், “போய்ட்டு வா” என்றார்.