லிஃப்ட் அக்கா கதையை மாற்றுகிறாள்

"விஷம் வெச்சது யாருன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. நேரா போனா. கதவைத் தட்டினா. திறந்தது யாருன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்கும்போதே நான்காம் மாடி வந்துவிடுகிறது. லிஃப்ட் அக்கா கம்பிக் கதவை இழுத்துத் திறக்கிறாள். அங்கே இறங்க வேண்டிய கணக்குப் பிரிவுக்காரர் நகரவில்லை. "மேல போயிட்டு வரும்போது இறங்கிக்கிறேன், நீங்க சொல்லுங்க" என்கிறார். பின்னால் நிற்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் நெருங்குகிறார்கள்.

அந்த அலுவலகக் கட்டடத்துக்கு ஏழு மாடி. லிஃப்ட் பழசு, பொத்தானை அழுத்தினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். அதை ஓட்டுவதற்கென்று ஒரு சீருடையும் ஒரு முக்காலியும் கொடுத்து அக்காவை வைத்திருக்கிறார்கள். முக்காலியில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அதில் அவளுடைய சாப்பாட்டுப் பைதான் உட்கார்ந்திருக்கும். நின்றுகொண்டு சொன்னால்தான் கதை வரும் என்பது அவள் கட்சி. தரைத்தளத்தில் குடும்பம், இரண்டில் காதல், நான்கில் துரோகம், ஆறில் அடிதடி. ஏழில் கதவைத் திறந்துவிட்டு, "மீதி இறங்கும்போது" என்பாள்.

அவள் ஒன்றும் சினிமாப் பைத்தியம் இல்லை. டிவியில் ஓடுவதைப் பார்ப்பாள்; பாதியில் எழுந்து துணி மடிப்பாள்; பாட்டு வந்தால் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். நடிகர் பெயர் ஒன்றுகூட வாயில் நிற்காது. நீட்டு மூஞ்சி, அழுமூஞ்சி, கழுத்தைச் சாய்க்கிறவன் என்று அவளாக வைத்த பெயர்கள்தான். ஆனால் அபிப்பிராயத்துக்குப் பஞ்சமில்லை. கதாநாயகன் என்ன வேலை பார்க்கிறான் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்தாக வேண்டும். "வேலைக்கே போகாம வில்லனைத் துரத்திட்டே இருக்கானே, வீட்டு வாடகையை யாரு குடுக்கிறது?" வில்லன்கள்மேல் அவளுக்குக் கொஞ்சம் மரியாதைகூட உண்டு. "அந்தக் கூட்டத்துலயே சொன்ன நேரத்துக்கு வர்றவன் அவன் ஒருத்தன்தான்." பேய்ப்படத்தைவிட மாலைத் தொடர்கள்தான் பயங்கரம் என்பாள். "பேய் பாவம், ஒரு தடவைதான் செத்துச்சு. இந்த மூத்த மருமக மூணாந்தடவையா செத்துட்டு வந்து நிக்கிறா, மாமியார் கண்டுக்கவே இல்ல." துப்பறியும் தொடர் என்றால், விசாரிக்க வந்த போலீசுக்கு முதலில் யார் தண்ணீர் கொடுக்கிறார்களோ அவர்தான் கொலையாளி. இதற்குமேல் அவளுக்குச் சாட்சி வேண்டாம்.

இன்னொரு பழக்கம், முந்திக்கொள்வது. உள்ளே வருகிறவர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய மாடிக்கான பொத்தானை அழுத்திவிடுவாள். "அஞ்சா..." என்று யாராவது இழுத்தால், "அஞ்சாவதுதானே, தெரியும்" என்பாள். நமக்குத் தும்மல் வந்தால்கூட அக்கா முந்திக்கொண்டு தும்மிவிடுவாள் என்று வாசல் காவலாளி கேலி செய்கிறார்.

வீட்டில் இதற்கெல்லாம் ஒரு கடிவாளம் இருந்தது. அவள் கணவர் குழாய் வேலை செய்தவர். எங்கே ஒழுகினாலும் அவர் கை சும்மா இருக்காது. குழாயானாலும் சரி, கதையானாலும் சரி. அக்கா தம்பியை அண்ணனாக்கிச் சொல்லிவிட்டால் போதும், முகத்தில் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து தலையை நீட்டுவார். "நீ படத்தைப் பாத்தியா, போஸ்டரைப் பாத்தியா?" பிறகு முதலிலிருந்து சரியாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் முகம் கழுவுவார். அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனாலும் மறுநாள் லிஃப்டில் ஏறுவது அவர் திருத்திய கதைதான்.

சென்ற ஆண்டு யார் வீட்டிலோ தொட்டிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தவர், எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பின. பேச்சு மட்டும் திரும்பவில்லை. சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. திருப்பிச் சொல்லத்தான் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், படம் போட்ட அட்டைகளை நீட்டினாள். சாவி, குடை, தட்டு. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊருக்கெல்லாம் குழாய் போட்ட மனிதரிடம் குடையைக் காட்டி இது என்ன என்று கேட்டால் கோபம் வராதா?

போகும்போது அந்தப் பெண் அக்காவைத் தனியே அழைத்தாள். "வார்த்தையெல்லாம் உள்ளதான் இருக்கு. சொல்லியே ஆகணும்னு அவருக்கு வெறி வரணும். ஆனா நீங்க முந்திக்கிறீங்களே. அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள தண்ணி டம்ளரோட நிக்கிறீங்க. அப்புறம் அவர் எதுக்குப் பேசணும்?"

மறுநாள் முழுக்க அக்கா லிஃப்டில் கதை சொல்லவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். அவருக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஏங்க, அந்த இரட்டைப் பசங்க படம் இருக்கே, அதுல அண்ணன்தானே கடைசியில அந்த டீச்சரைக் கட்டிக்கிறான்?"

கட்டிக்கொள்வது தம்பி. அவளுக்கு அது நன்றாகவே தெரியும். அவர் புருவம் சுருங்கியது, அவ்வளவுதான். ஆனால் குடைக்கும் தட்டுக்கும் அதுகூடக் கிடைக்கவில்லையே! அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் லிஃப்டில் ஒரு கதை, வீட்டில் அதே கதை தலைகீழாக. நேர்மையான நீதிபதியைத் திருடனாக்கினாள். தொலைந்துபோன குழந்தையைக் கடைசிவரை கண்டுபிடிக்காமலே விட்டாள். விஷம் வைத்தவனுக்கே அந்தப் பெண்ணைக் கட்டிவைத்து, ஜோடிப் பொருத்தம் நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னாள். அவர் தலையை ஆட்டினார், நாற்காலியைத் தட்டினார், ஒருநாள் டம்ளரைத் தள்ளிவிட்டார். சொல் வரவில்லை. அக்கா தரையைத் துடைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள்.

விடுமுறையில் வந்த மகள் முதலில் பயந்துபோனாள். "அம்மா, உனக்கு மறதி வருது. இந்தப் படத்தை நாம எத்தனை தடவை பாத்திருக்கோம்! வா, டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாம்." அக்கா விஷயத்தைச் சொன்னதும் பயம் போய்க் கோபம் வந்தது.

"அப்பாவை ஏம்மா இப்படி வதைக்கிறே? பேச்சு வராட்டி போகட்டும். மனுஷன் நிம்மதியா டிவியாவது பாக்கட்டும். விட்டுடேன்."

"நீ வேணா விடு. அடி மேல அடி வெச்சா அம்மியே நகருது, உங்கப்பா நாக்கு நகராதா?"

வாய் அப்படிச் சொன்னதே தவிர, மகள் போனபிறகு சமையலறையில் நின்று அழுதாள். அவர் கண்ணில் கோபத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வலித்தது. ஆனால் அவர் திருத்தாத கதைகள் அவளுக்கே ருசிக்கவில்லை. லிஃப்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் குரல் வேண்டும். திட்டுவதற்காகவாவது அது வந்தே ஆக வேண்டும். முகம் கழுவிக்கொண்டு அன்று மாலையும் ஒரு கதையைக் கெடுத்தாள்.

ஒரே ஒரு படத்தை மட்டும் தொடாமல் வைத்திருந்தாள். கல்யாணமான புதிதில் இருவரும் பார்த்த படம். கலங்கரை விளக்கத்தைக் காக்கிறவன் ஒருவனின் கதை. புயலில் விளக்குக்கு எண்ணெய் தீர்ந்துவிடும். கடலில் தவிப்பது அவனை ஏமாற்றிச் சொத்தைப் பிடுங்கிக்கொண்ட தம்பியின் படகு. அவனோ தன் வீட்டு நாற்காலி, கட்டில், கதவு என்று ஒவ்வொன்றாக உடைத்து எரித்து, விடியும்வரை வெளிச்சத்தை விடமாட்டான். அந்த இடத்தில் அவள் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்றார். பிறகு டிவியில் எப்போது போட்டாலும் சரியாக அந்த இடத்தில் அவர் கண்ணில் தூசி விழும். அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவே இல்லை.

போன வாரம் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டாள். மகளும் வந்திருந்தாள். அக்கா சீருடையைக்கூட மாற்றாமல் அவர் எதிரே உட்கார்ந்து, டிவியை அணைத்தாள்.

"ஏங்க, அந்த விளக்குக்காரன் படம்..."

அவர் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்தும் அவள் நிறுத்தவில்லை.

"புயல் அடிக்குது. எண்ணெய் தீந்துபோச்சு. தம்பி படகு நடுக்கடல்ல ஆடுது. இவன் என்ன பண்ணான்? யாரு எப்படிப் போனா எனக்கென்னன்னு விளக்கை அணைச்சுட்டு, போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கப் போயிட்டான்."

"அம்மா! அதையுமா?" என்றாள் மகள்.

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். முகம் சிவந்துவிட்டது. அக்கா அவசரமாக முடித்தாள். "படகு மூழ்கிப்போச்சு. இவன் நல்லாத் தூங்கினான். அவ்வளவுதான் படம்."

"இ..." என்றார். கழுத்து நரம்பு புடைத்தது. "இல்... ல."

மகள் எழுந்துவிட்டாள். அக்கா அசையவில்லை.

"இல்ல!" என்றார் மறுபடியும். இப்போது தெளிவாக, பழைய கோபத்தோடு. "அவன்... அவன்... வீட்டுக்..." சொல் அங்கே சிக்கிக்கொண்டது. கையை நீட்டிக் கதவைக் காட்டினார்; உடனே, அது போதாது என்பதுபோல் கையை மடக்கிக்கொண்டு மறுபடியும் உதட்டைக் குவித்தார்.

அந்தச் சொல் அக்காவுக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஏழு மாடியிலும் எல்லோரையும் முந்திக்கொண்டு பழகிய தன் வாயை அவள் இரண்டு கைகளாலும் இறுகப் பொத்திக்கொண்டு, அவர் உதடுகளையே பார்த்தபடி காத்திருந்தாள்.