யாகோபாவுக்கு முடி வெட்டிய நாள்

ஊர்ச் செவிலி ஹார்ம்கேயின் கை படாத தலை ஹார்கெல்மொண்ட் கிராமத்தில் குறைவு. கால்வாயின் இந்தக் கரையிலோ அந்தக் கரையிலோ யார் படுக்கையில் விழுந்தாலும், அவள் சைக்கிளில் வந்து இறங்கிவிடுவாள். போர்வையை விலக்குவாள், குளிப்பாட்டுவாள், படுக்கைப்புண் உண்டா என்று புரட்டிப் பார்ப்பாள், கண்ணில் விழும் முடியைக் கத்தரித்துவிடுவாள். அனுமதி கேட்கும் வழக்கமெல்லாம் இல்லை. கண் தெரிந்தால் பாதி நோய் போய்விடும் என்பது அவள் கட்சி. காய்ச்சலில் கிடந்த பாதிரியாருக்கே ஒருமுறை புருவத்தை வெட்டிவிட்டாள். அதன்பின் சில ஞாயிறுகள், எதையோ கண்டு திகைத்தவர் போன்ற முகத்தோடு அவர் பிரசங்கம் செய்ய வேண்டியதாயிற்று.

அவள் கணவன் லாமெர்ட் பாலக்காவலன். உருளைக்கிழங்குப் படகுகள் வரும்போது பாலத்தைத் தூக்குவான், போனபின் இறக்குவான். பிறகு சரக்கெல்லாம் லாரிக்கு மாறியது. பாலத்தை அசையாமல் அடித்துப் பூட்டினார்கள், லாமெர்ட்டையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். எதையாவது காவல் காக்காமல் அவனுக்குப் பொழுது போகாது. கொல்லையில் ஒரு கூண்டு கட்டி, கொண்டைக்கோழிகளை வாங்கி விட்டான். உடம்பெல்லாம் கறுப்பு, தலையில் மட்டும் பனிப்பந்து வைத்தாற்போல் வெள்ளை இறகுக் கொண்டை. ஒவ்வொன்றுக்கும் தன் பாலத்தைக் கடந்துபோன ஒரு படகின் பெயர். அதில் யாகோபா என்ற பெட்டைதான் அவனுக்கு உயிர்.

ஞாயிறு தவறாமல் யாகோபாவின் கொண்டையைக் குழந்தை ஷாம்பு போட்டு அலசுவான். கடைசித் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலம் ஒரு சிட்டிகை. பிறகு ஹார்ம்கேயின் தலை உலர்த்தும் கருவியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். ஹார்ம்கே ஈரத்தலையோடு காத்திருப்பாள். அந்தக் கோழிக்குக் கொண்டையை மீறி எதுவும் தெரியாது. தீவனம் என்று நினைத்து அவன் செருப்பைக் கொத்தும், கதவு என்று நினைத்துச் சுவரில் மோதும். ஹார்ம்கேயின் கணக்கில் அது கோழி இல்லை, நோயாளி.

இவ்வளவு பாடும் ஜனவரிக் கண்காட்சிக்காக. பக்கத்துப் பட்டணத்துப் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசையாகக் கூண்டுகளை அடுக்கி, வெள்ளைக் கோட்டுப் போட்ட நடுவர் ஒவ்வொரு கோழியாகத் தூக்கிப் பார்ப்பார். கோப்பை எப்போதும் வலப்பக்கத்து வீட்டுத் தீனுஸுக்குத்தான் போகும். லாமெர்ட்டுக்கு இரண்டாம் இடம். தோற்றதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். வேலிக்கு மேலாக எட்டி யாகோபாவைப் பார்த்துத் தீனுஸ் போடும் அந்த "ம்"மைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. நல்லது என்றும் சொல்வதில்லை, கெட்டது என்றும் சொல்வதில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நல்ல வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததில்லை.

ஆனாலும் பக்கத்து வீடு பக்கத்து வீடுதான். அந்த ஊரில் பிள்ளை பிறந்தால் வீடு வீடாகச் சொல்லப்போவதும், யாராவது இறந்தால் உடுத்திவிடுவதும், சவப்பெட்டி சுமப்பதும் பக்கத்து வீட்டுக்காரன் கடமை. பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட அந்தக் கடமையில் குறை வைக்க மாட்டார்கள்.

அந்தக் குளிர்காலம் லாமெர்ட்டின் இடுப்பு மூட்டு தேய்ந்து, பட்டணத்து மருத்துவமனையில் புதிய மூட்டு வைக்க நாள் குறித்தார்கள். தள்ளுவண்டியில் படுத்து உள்ளே போகும்போது அவன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"யாகோபாவோட கொண்டையைத் தொடாதே. சீப்புகூட வைக்காதே. இந்தத் தடவை கோப்பை நமக்குத்தான்."

"உன் இடுப்பைப் பத்தி ஒண்ணும் சொல்லணும்னு இல்லையா?"

"அது டாக்டர் பாடு."

கண்காட்சி அடுத்த சனிக்கிழமை. கோழியை அதுவரை அப்படியே வைத்திருப்பதுதான் ஹார்ம்கேயின் வேலை. அவளும் அப்படியே வைத்திருக்கத்தான் பார்த்தாள். ஆனால் ஈரப்பனி பெய்தது. யாகோபா தண்ணீர்த் தொட்டிக்குள் கொண்டையை முக்கி எடுத்தது, நனைந்தது உறைந்தது, தலை முழுக்கப் பனிக்குச்சி தொங்க வேலியில் முட்டிக்கொண்டு நின்றது. வியாழக்கிழமை காலையில் தூக்கிப் பார்த்தால் ஒரு கண் வீங்கி, இமை ஒட்டிக் கிடந்தது.

முன்னறையில், அடுப்புக்குப் பக்கத்தில், ஜன்னல் ஓரமாக நல்ல வெளிச்சத்தில் மேசை மேல் துண்டை விரித்து யாகோபாவை உட்கார வைத்தாள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கண்ணைக் கழுவினாள். கழுவக் கழுவ ஈர இறகு கண்ணிலேயே வந்து விழுந்தது. ஹார்ம்கேயின் கை தானாகக் கத்தரிக்கோலை எடுத்தது. கண்ணைச் சுற்றி மட்டும் கொஞ்சம் என்றுதான் வெட்டினாள். அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் போனதால் இந்தப் பக்கத்தைச் சரி செய்தாள். இந்தப் பக்கம் தாழ்ந்துவிட்டதால் மறுபடி அந்தப் பக்கம். உச்சி மட்டும் துருத்திக்கொண்டு நிற்பானேன் என்று அதையும் தட்டிவிட்டாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தபோது, பனிப்பந்து இருந்த இடத்தில் தேய்ந்த பல்துலக்கி ஒன்று இருந்தது.

ஹார்ம்கே உட்கார்ந்துவிட்டாள். வெட்டிய இறகுகளை ஒன்று விடாமல் பொறுக்கிச் சூப்புத் தட்டில் போட்டாள். பசை போட்டு ஒட்டலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். ஈரத்தோடு விட்டால் சளி பிடிக்கும் என்று உலர்த்தும் கருவியைப் போட்டாள். நடுவில் நடைவழியில் தொலைபேசி மணி அடித்தது போலிருந்தது. ஒரு கையில் கோழி, ஒரு கையில் கருவி. அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டாள்.

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே தீனுஸின் தொப்பி தெரிந்தது. கால்வாய்ச் சாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். அந்த ஊரில் யாரும் பகலில் திரை போடுவதில்லை. போகிறவர்கள் உள்ளே பார்ப்பார்கள், உள்ளே இருப்பவர்கள் கையசைப்பார்கள்; மறைக்க நம்மிடம் ஒன்றுமில்லை என்பது அதன் பொருள். ஹார்ம்கேயிடம் அன்று மறைக்க ஒன்று இருந்தது. பாய்ந்து, இரண்டு திரைகளையும் ஒரே இழுப்பில் இழுத்து மூடினாள். தீனுஸ் சாலையில் நின்றதையும், தொப்பியைக் கழற்றியதையும் அவள் பார்க்கவில்லை.

கோழியை உலர்த்தி முடித்துத் திரை இடுக்கில் எட்டிப் பார்த்தாள். தீனுஸ் வீட்டு ஜன்னலில் திரை மூடியிருந்தது. மறுகரையில் கடைக்காரி வீட்டிலும் மூடினார்கள். அடுத்து தச்சன் வீடு. யாரோ போய்விட்டார்கள். மரணம் நடந்த வீட்டில்தான் பட்டப்பகலில் திரை விழும், பார்த்தவர்கள் மரியாதைக்குத் தங்கள் திரையையும் மூடுவார்கள். முதலில் மூடியது தீனுஸ் வீடு என்றால், படுக்கையில் கிடக்கும் அவன் தாயார்தான். தன் வீட்டுத் திரை எல்லோருக்கும் முன்னால் விழுந்தது என்பது, எத்தனையோ வீடுகளில் தன் கையால் திரை மூடிய ஹார்ம்கேக்கு ஏனோ தோன்றவே இல்லை. அவள் புத்தி முழுக்கக் கோழி மேல் இருந்தது.

கறுப்பு உடையை எடுத்து மாட்டினாள். யாகோபாவைத் துணிக்கூடையில் வைத்துத் துண்டால் மூடினாள். தீனுஸ் வீட்டுக்குக் கிளம்பப் பின்கதவைத் திறந்தால், தீனுஸே கறுப்புக் கோட்டோடு வாசலில் நின்றான். பின்னால் அவன் மனைவி யந்தினா, பெரிய காபிக் கூஜாவோடு. அவளுக்கும் பின்னால் வெண்ணெய் கேக்கும் திராட்சை ரொட்டியுமாகத் தெருப் பெண்கள்.

துக்க வீட்டுக்காரர்கள் தன் வீட்டுக்கு ஏன் வருகிறார்கள் என்று ஹார்ம்கே யோசித்தாள். துக்கத்தில் மனிதர்கள் எதையெல்லாமோ செய்வதைப் பார்த்தவள் அவள். உடம்பைக் கழுவக் கூப்பிட வந்திருப்பார்கள். தீனுஸின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள்.

"கஷ்டப்படாமப் போச்சா?"

தீனுஸ் மூக்கை உறிஞ்சினான். "அது உனக்குத்தானே தெரியும்."

"போன வாரம் நான் பார்த்தப்ப சூப்பு பூரா காலி. என்னைத் திட்டுறதுக்கும் குறைச்சல் இல்லை."

"இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கலாம்" என்றான் தீனுஸ்.

தொண்ணூறைத் தாண்டியாயிற்று, இன்னும் எவ்வளவு காலம் என்று ஹார்ம்கே நினைத்தாள்; சொல்லவில்லை. அதற்குள் யந்தினா அவளைத் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்திவிட்டாள். எழுந்திருக்கப் பார்த்தால் மறுபடி அழுத்தினாள். பெண்கள் அலமாரியைத் திறந்து கோப்பைகளை எடுத்தார்கள். மறுகரை வீடுகளுக்குச் சொல்லத் தச்சன் போயாயிற்று என்று ஒருத்தி சொன்னாள். பெட்டி சுமக்க உயரம் ஒத்த ஆட்கள் வேண்டுமே என்று இன்னொருத்தி கவலைப்பட்டாள். நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டன. தீனுஸ் நடுவில் நின்று தொப்பியைக் கையில் சுழற்றினான்.

"உயிரோட இருந்தப்ப நான் சொல்லலை. இப்பவாவது சொல்லிடறேன். லாமெர்ட்டோட யாகோபா மாதிரி ஒரு கோழி என் கூண்டுல ஒருநாளும் இருந்ததில்லை. நடுவருக்குக் கண்ணு இல்லை. எனக்குக் கண்ணு இருந்துச்சு, வாய்தான் வரலை. சனிக்கிழமை அவளை நானே தூக்கிட்டுப் போய் அவன் பேர்ல நிறுத்தறேன்."

லாமெர்ட் என்ற பெயர் ஹார்ம்கேயின் காதில் விழுந்தது. நடைவழியில் அடித்து ஓய்ந்த தொலைபேசி நினைவுக்கு வந்தது. மருத்துவமனையிலிருந்து தன்னைக் கூப்பிட்டுக் கிடைக்காமல் பக்கத்து வீட்டுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனையோ வீடுகளில் முகத்துக்கு நேரே சாவுச் செய்தி சொன்னவள், எப்போது போனான் என்றுகூடக் கேட்கவில்லை. மடியில் யாரோ வைத்த கேக்குத் தட்டு இருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லு" என்று நடைவழியிலிருந்து குரல் வந்தது. "இந்தக் காது சரியாக் கேக்கலை."

இரண்டு ஊன்றுகோல்களில் லாமெர்ட் நின்றான். பின்னால் பெட்டியோடு டாக்ஸிக்காரன். வேறொருவருக்குக் கட்டில் வேண்டும் என்று மருத்துவமனையில் ஒரு நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குத் தொலைபேசி செய்தும் யாரும் எடுக்கவில்லையாம்.

யாரோ கோப்பையைக் கீழே போட்டார்கள். தீனுஸ் தொப்பியைப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான்.

"நீ செத்துட்டே" என்றான்.

"யாரு சொன்னது?"

"உங்க வீட்டுத் திரை."

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு ஹார்ம்கேயைப் பார்த்தார்கள். ஹார்ம்கே தன் கறுப்பு உடையைப் பார்த்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத் துணிக்கூடையில் துண்டு அசைந்து, யாகோபா வெளியே குதித்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஓர் அறையை முழுசாகப் பார்த்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. பிறகு நாற்காலிக் கால் எதிலும் மோதாமல் நேராக நடந்து, மேசையில் ஏறி, கேக்கைக் கொத்தத் தொடங்கியது.

"இது யாரு?" என்றான் லாமெர்ட்.

"யாகோபா."

"கொண்டை?"

"சூப்புத் தட்டுல இருக்கு" என்றாள் ஹார்ம்கே. "கண்ணு வீங்கிப் போச்சு. ஒரு பக்கம் வெட்டினேன். அப்புறம் மறுபக்கம்."

"தொடாதேன்னு சொன்னேன்."

"சொன்னே."

அதற்கு மேல் மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. லாமெர்ட் ஓர் ஊன்றுகோலை மேசையில் சாய்த்துவிட்டுச் சூப்புத் தட்டை எடுத்துப் பார்த்தான். சனிக்கிழமைக் கோப்பை அதில் துண்டு துண்டாகக் கிடந்தது. அந்தக் கொண்டை அடுத்த இலையுதிர் காலத்தில் இறகு மாறும் வரை வளராது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.  யாகோபா இன்னும் கேக்கைக் கொத்திக்கொண்டிருந்தது.

லாமெர்ட் தட்டைக் கீழே வைத்தான். புது இடுப்பை மெல்ல மடக்கி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"என் சாவுக்கு வந்த கேக். அது தின்னு முடிக்கறதுக்குள்ள எனக்கு ஓரத்துண்டு வெட்டுங்க. தீனுஸ், அந்த நடுவருக்குக் கண்ணு இல்லைன்ன இடத்திலிருந்து சொல்லு."

"மாட்டேன். செத்தாத்தான் சொல்லுவேன்."

"சொல்லிட்டியே. தெருவே சாட்சி."

ஹார்ம்கே எழுந்துபோய்த் திரைகளை இழுத்துத் திறந்தாள். கணவனின் தோளைப் பிடித்துச் சரியாக உட்கார வைக்கிற சாக்கில் கையைக் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தாள். பிறகு, ஊன்றுகோலின் உயரம் தப்பு, மருத்துவமனையில் ஒருத்தருக்கும் அளவு தெரியவில்லை என்று திட்டினாள். மறுகரைத் திரைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கடைக்காரிக்கு மட்டும் யாரும் போய்ச் சொல்லவில்லை. மறுநாள் லாமெர்ட் புகையிலை வாங்கப் போனபோது, அவள் கல்லாவுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டாளாம்.

சனிக்கிழமைக் கோப்பை வழக்கம்போல் தீனுஸுக்குத்தான். லாமெர்ட்டும் கண்காட்சிக்குப் போனான், வெறுங்கையோடு. தீனுஸின் கூண்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், இந்தக் கோழிக்காரனே என் கோழியைப் பற்றி என்ன சொன்னான் தெரியுமா என்று ஆரம்பித்தான். நடுவர் வந்து நின்றபோதும் நிறுத்தவில்லை. மாலையில் வீடு திரும்பியவன் முகத்தில், கோப்பையைக் கொண்டுவந்தவனுக்குக்கூட வராத களை இருந்தது.

அடுத்த வாரம் பின்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. தீனுஸ் நின்றான். கோப்பை வாங்கிய அவன் கொண்டைச்சேவல் கக்கத்தில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"மறுபடி கால்வாய்ல விழுந்துட்டான். மூணாவது தடவை." வேலிப்பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "கண்ணைச் சுத்தி மட்டும் கொஞ்சம்..."

ஹார்ம்கே மேசையில் துண்டை விரித்தாள். கத்தரிக்கோலை எடுக்கும் முன் ஜன்னலருகே போய், இரண்டு திரைகளும் நன்றாக ஒதுங்கியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டாள்.