கட்டுரைக்குக் கிடைத்த சித்தி

ஊரில் யுத்தம் முடிந்த வருடம், டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு என் வாழ்க்கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குச் சொல்லும்படி எதுவும் நடந்திருக்கவில்லை.

என்னோடு வேலை செய்த தமிழ்ப் பெண்ணை அன்ரி என்றுதான் கூப்பிடுவேன்; ஒல்லியானவர். இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் கம்பனி ஜாக்கெட் போட்டும் நடுங்குவார். ஒவ்வோர் இடைவேளையிலும் வவுனியாவில் தெரிந்த ஒருவருக்குப் போன் எடுத்து, வன்னியில் அகப்பட்ட தன் தங்கச்சியைப் பற்றி விசாரிப்பார். பிறகு சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே எழுந்துவிடுவார்.

நான் அந்தத் தங்கச்சியை என் சித்தியாக்கி, போரில் பறிகொடுத்ததாக எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே அழுகை வந்தது.

அதை அனுப்புவதற்கு முதல் நாள் அன்ரி ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, தங்கச்சி முகாமில இருக்கிறாளாம்! உயிரோட இருக்கிறாள்!"

என் கட்டுரை போச்சே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"என்ன, கதைக்காமல் நிக்கிறாய்?"

"சந்தோசம் அன்ரி."

"தெரியும். நீயும் என்னோட சேர்ந்து காத்துக்கொண்டிருந்தனியெல்லே" என்று என்னைக் கட்டிக்கொண்டார்.

கட்டுரையை மாற்றாமலே அனுப்பினேன். இடமும் கிடைத்தது. வேலையை விட்ட நாளில் அன்ரி என் தலையில் கைவைத்து, "நல்லாப் படி" என்றார்.

அவருடைய பெயரை நான் கேட்டதே இல்லை. தங்கச்சியின் பெயரைத்தான் கேட்டு வைத்திருந்தேன், கட்டுரையில் போடுவதற்காக.