கறுப்புத் திரை கேட்ட கேள்வி

புக்கெகோஹி என்ற ஊரில் வெங்காயமும் கேரட்டும் பொதி செய்யும் கொட்டகை ஒன்றில் கம்சாயினி ஆறு வருடமாக வேலை பார்க்கிறார். முதலில் அழுகல் பொறுக்கும் வரிசை, பிறகு லேபிள் மேசை. கணினிப் படிப்பு எதுவும் கிடையாது. ஆனாலும் தினமும் காலையில் பிளாக்ஹவுஸ் பே பகுதியிலிருந்து கார் ஓட்டி வந்து, கணினியின் கறுப்புத் திரையைத் திறந்து, மூன்று வரிக் கட்டளையை மனப்பாடமாகத் தட்டிவிடுவார். லேபிள்கள் கொட்டும். அவர் லீவு போட்டால் கொட்டகையே கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்.

அதனால்தான் திருச்சிக்காரன் ராகேஷை வேலைக்கு எடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் லேபிள் அடிக்கலாம் என்று, பச்சைப் பொத்தான் வைத்த செயலி ஒன்றைச் செய்தான். பொத்தானை அழுத்தினால் அதே பழைய கட்டளை உள்ளுக்குள் ஓடும். ஆட்கள் மிரளக் கூடாதென்று கறுப்புத் திரையை மறைத்துவிட்டான். அவனுடைய மூன்று மாதச் சோதனைக் காலம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வேலை நிலைத்தால்தான் விசா நிலைக்கும்.

வியாழக்கிழமை பொத்தான் ஒழுங்காக வேலை செய்தது. வெள்ளி காலை அழுத்தினான். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மூடித் திறந்து அழுத்தினான். மறுபடியும் அதே வட்டம். பத்து மணிக்கு விரி என்ற ஊரின் கிடங்குக்கு லாரி கிளம்ப வேண்டும். மேனேஜர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"செத்தேன்க்கா."

"நீர் செத்தா லேபிள் ஆர் அடிக்கிறது?" என்றார் கம்சாயினி. "பொறும். நேற்றையான் லேபிள் ஃபைல் அதுக்குள்ள கிடக்கோ?"

"ஆமா. அதுக்கென்ன?"

"பழசு கிடந்தா, அழிச்சுப் புதுசு எழுதட்டோ எண்டு கேக்கும். நான் ஓம் குடுப்பன். நீர் அதின்ர வாயைப் பொத்தி வச்சிருக்கிறீர். அது அங்க கேட்டுக்கொண்டு நிக்குது, நீர் இங்க வட்டத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர்."

"சொல்லவே இல்லையேக்கா!"

"கைக்குப் பழகினதை ஆர் சொல்லிக்கொண்டு திரியிறது? நீர் கேக்கவும் இல்லை."

உண்மைதான். சோதித்துப் பார்த்தபோதெல்லாம், வியாழக்கிழமையும்கூட, ராகேஷ் பழைய ஃபைல்களை முதலில் துடைத்துவிடுவான். அந்தக் கேள்வியை அவன் பார்த்ததே இல்லை.

கம்சாயினி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மூன்று வரியையும் தட்டினார். கேள்வி வந்தது, பதில் கொடுத்தார், அச்சு இயந்திரம் இரைந்தது. லாரி நேரத்துக்குப் போய்விட்டது. பொத்தானுக்கு என்ன ஆயிற்று என்று மேனேஜர் ராகேஷிடம் கேட்டார். அதற்கு ஒரு கேள்வி இருக்கிறது, மத்தியானத்துக்குள் வாய் திறந்து கேட்கும் என்று கம்சாயினியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்.

பொத்தான் ஓடினால் தன் கை இனித் தேவைப்படாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? ராகேஷ் அதை நினைத்துக்கொண்டே வேலை செய்தான். மறைந்திருந்த கேள்வி இரண்டு பெரிய பொத்தான்களாக வெளியே வந்தது.

"கீழ மூலையில கறுப்புத் திரை கதைக்கிறதையும் காட்டும். என்ன செய்யுதெண்டு ஆக்களுக்குத் தெரிய வேணும்," என்றார் கம்சாயினி. காட்டினான்.

மூன்று மணிக்கு மேனேஜரே வந்து அழுத்தினார். கேள்வி வந்தது, ஆமென்றார், லேபிள்கள் கொட்டின. வேலை உறுதிக் கடிதத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

ராகேஷ் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் கம்சாயினி கார் சாவியை எடுத்துவிட்டார்.

"திங்கள் எனக்கு லீவு. ஆறு வருசத்தில நிம்மதியா எடுக்கிற முதல் லீவு. போன் அடிச்சீர் எண்டா தெரியும்!"